"புள்ளைக்கு என்ன செய்யுது?"னு கேட்டவங்களும் கேக்காம இருந்தவங்களும்

தங்கச்சிமடம் அம்மா:
என் பையனுக்கு ஆட்டிசம். அவனை ராமேஸ்வரம் கோயில்ல 22 தீர்த்தமும் ஆட வைக்கிறதா மாமியார் வேண்டுதல். சொல்லிப் பார்த்தேன், கேக்கல. அக்னி தீர்த்தத்துல பையனுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. கடல் பழக்கம், கரையேற மாட்டேன்னுட்டான். உள்ள போனா முதல் கிணறு, மகாலட்சுமி தீர்த்தம். மேல நின்னவர் வாளியை இழுத்து சொல்லாம கொள்ளாம தலையில ஊத்திட்டார். காதைப் பொத்திக்கிட்டு ஈரத் தரையில படுத்துட்டான். பயம் வந்தா அவன் வாயில ரயில் ஸ்டேஷன் அறிவிப்புதான் வரும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு", திரும்பத் திரும்ப, சத்தமா. வரிசையில ஒரு அம்மா, "சாமி வந்திருக்கு, திருநீறு போடுங்க"ங்கிறாங்க. இன்னொருத்தர், "செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க." ஒரே நிமிஷத்துல சாமியாடியும் ஆக்கிட்டாங்க, அடங்காப்பிடாரியும் ஆக்கிட்டாங்க.

வாளிக்காரர் மட்டும் குனிஞ்சு, "எந்த வண்டி தம்பி? எத்தனையாவது பிளாட்பாரம்?"னு கேட்டார். அழுகையை நிறுத்திட்டு வண்டி நம்பரோட பதில் சொன்னான்! அடுத்த வாளியைக் கீழ இறக்கி வச்சு, "நீயே கையை விட்டுப் பாரு"ன்னார். முழங்கை வரைக்கும் விட்டான். அதுக்குள்ள பின்னால நின்னவங்க அவரைத் திட்ட ஆரம்பிச்சுட்டாங்க, லேட்டாகுதாம். மிச்சத் தீர்த்தம் ஆடாம வந்துட்டோம். அதனாலதான் இவனுக்குப் பேச்சு சரியா வரலைன்னு மாமியார் இன்னைக்கும் சொல்றாங்க. எனக்கு அந்த வாளிக்காரர் ஞாபகம்தான். இதெல்லாம் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பாம்பன் மாமன்:
எங்க அக்கா மகன் பெரிய பையன், மீசை வந்தாச்சு. விடியறதுக்கு முன்னாடியே ஏலம் போடுற இடத்துக்கு வந்துடுவான். நண்டைப் பெருசு சிறுசு பார்த்து வரிசையா அடுக்குவான், யாரும் சொல்லணும்னு இல்ல. ஒரு நாள் வெளியூர் வியாபாரி நடுவுல இருந்து ஒண்ணைத் தூக்கிட்டார். இவன் தன் கையையே கடிச்சுக்கிட்டான். ஏலம் கூறுறவர் நிறுத்திட்டார். "அதை எடுத்த இடத்துல வைங்கண்ணே. அவன் முடிக்கட்டும், அப்புறம் விலை கேளுங்க." அவ்வளவுதான். அங்க நிக்கிற யாருக்கும் ஆட்டிசம்ங்கிற வார்த்தையே தெரியாது.

கஷ்டம் தடைக்காலத்துலதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது. காலியா கிடக்குற இடத்துக்கு அதே நேரத்துக்குப் போய் நின்னுக்கிட்டு கத்துவான். நாட்டுப்படகுக்காரங்க நண்டு கொண்டு வந்தா ஒரு கூடையைத் தள்ளி விடுவாங்க. படிச்சவங்களைவிட எங்க ஆளுங்க மேல்.

கீழக்கரை லாத்தா:
தம்பி, சந்தோஷம். ஆனா உங்க மருமகன் நண்டு அடுக்குறதால எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு. என் மக எதையும் அடுக்க மாட்டா. வண்டி நம்பரும் சொல்ல மாட்டா. சும்மா கையை உதறிக்கிட்டு உக்காந்திருப்பா. அவளை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?

நிக்காஹ் வீட்டுல நடந்தது. ஜிகினா வச்ச துணி அவளுக்கு ஆகாது, பழைய காட்டன் சட்டையோட கூட்டிட்டுப் போனேன். அதுக்கே பத்துப் பேர் பார்த்தாங்க. பிரியாணி வாசம், மைக் சத்தம் எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டு மூலையில இருந்தா. எங்க மாமி பின்னாடி வந்து, அவ அந்தப் பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கும்போது கையில தாயத்தைக் கட்டிட்டாங்க. கறுப்புக் கயிறு, இறுக்கி. அது தோல்ல உரசுனது தெரிஞ்சதும் நகத்தால பிய்ச்சு மணிக்கட்டெல்லாம் ரத்தம். மாமி அழுதுட்டாங்க. கெட்ட எண்ணம் துளி கிடையாது, அவ மேல உசுரு. எல்லாரும் மாமியைத்தான் சமாதானப்படுத்துனாங்க. அதுக்கப்புறம், "ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிட்டுப் போய் தங்க வை"னு ஆளாளுக்கு யோசனை.

ஏர்வாடிப் பக்கத்துக்காரன்:
லாத்தா, ஏர்வாடின்னாலே எல்லாரும் சங்கிலியைத்தான் நினைக்கிறாங்க. 2001 ஆகஸ்ட் 6ல தீப்பிடிச்சு 28 பேர் செத்தது தனியார் நடத்துன மனநலக் காப்பகத்துல, கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. தர்காவுக்குள்ள இல்ல.

ஆனா நீங்க சொல்றது உண்மைதான். போன வருஷம் எங்க டீக்கடைக்கு ஒரு குடும்பம், பையன் காதுல பெரிய ஹெட்போன். அப்பா பைலைத் திறந்து காட்டுனார், டாக்டர் சீட்டுல ஆட்டிசம்னு எழுதியிருக்கு. "அது அவங்க வச்ச பேரு தம்பி, எங்களுக்குத் தெரியும் இது வேற"ன்னார். பையன் டீ கிளாஸை வெயில்ல பிடிச்சு, அது வழியா ரோட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தான். அப்பா கிளாஸைப் பிடுங்கி வச்சுட்டார். நான் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி பிடுங்குனார்.

தொண்டி வாத்தியார்:
என் வகுப்புலயும் ஒருத்தன் இருந்தான், கரும்பலகையில தேதி மாத்தலைன்னா உக்கார மாட்டான். நல்ல பையன்.

எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். ஆட்டிசம் மனநோய் இல்ல, மூளை வளர்ச்சியிலயே வர்ற வித்தியாசம். மந்திரிச்சும் போகாது, அடிச்சும் போகாது. 2016 சட்டத்துல உள்ள 21 வகை மாற்றுத்திறன்ல இதுவும் ஒண்ணு. முதல்ல யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, எடுங்க. மதிப்பீட்டுக்கு 40 கேள்வி இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 வரைக்கும் மார்க். சும்மா "ஆமா, இல்ல"னு சொல்லிட்டு வராதீங்க, வீட்டுல நடக்குறதை எழுதி எடுத்துட்டுப் போங்க. அடுத்து நிராமயா, ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் மருத்துவக் காப்பீடு. 18 வயசு தாண்டிட்டா, 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி கலெக்டர் இருக்கிற குழுகிட்ட பாதுகாவலருக்கு விண்ணப்பிக்கலாம். பாம்பன் மாமன் இதைக் கவனிங்க, மீசை வந்தாச்சுன்னு சொல்றீங்க. 6 முதல் 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி உரிமை இருக்கு, சேர்க்க மாட்டோம்னு எந்தப் பள்ளிக்கூடமாவது சொன்னா எழுதிக் கேளுங்க, வாயால சொன்னா ஏத்துக்காதீங்க. அப்புறம் செல்போனைக் குறைங்க.

கீழக்கரை லாத்தா:
கார்டு, காப்பீடு எல்லாம் எடுத்தாச்சு சார். செல்போனாலயும் வரல, அவ போனைத் தொடவே மாட்டா. வர்ற மாசம் மாமி வீட்டுல இன்னொரு கல்யாணம். மாமி மனசு நோகாம தாயத்தை எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு யாராவது சொல்லுங்க.

மண்டபம் முகாம் பக்கம்:
எங்க மாமியாரும் இப்படித்தான். வேண்டாம்னு சொல்லாதீங்க, வாங்கிக்குங்க. நான் அதைப் பையனோட ஸ்கூல் பை ஜிப்புல கட்டிட்டேன். வந்தா முதல்ல பையைத்தான் பார்ப்பாங்க. இருக்குன்னு தெரிஞ்சா புள்ளையை விட்டுடுவாங்க.