ஆங்கிலத்தில் வந்தால் சரி, தமிழில் வந்தால் 400

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு டெலிவரி சலான் பதிவாகும் சர்வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சலான் அனுப்பும் மென்பொருள் வேறொருவருடையது, ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது. ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் சலான் ஒழுங்காக ஏறும். தமிழில் இருந்தால் 400, அதாவது 'கோரிக்கை தவறு' என்று சர்வர் திருப்பி அனுப்பும். "ஆங்கிலத்துல போகுதே, அப்ப கோளாறு உங்க சர்வர்லதானுங்க" என்றார் அந்தப் பக்கத்துக்காரர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

சர்வரின் பதிவான லாகைத் திறந்தால், முதல் கோரிக்கையின் ஜேசன் (சலான் விவரம் வரும் உரை வடிவம்) "திரு" என்பதோடு அறுந்து நிற்கிறது. அதே இணைப்பில் வந்த அடுத்த கோரிக்கையின் முதல் வரி இப்படி:

ப்பூர்"}போஸ்ட் /சலான்

போஸ்டுக்கு முன்னால் ஒட்டியிருப்பது முந்தைய சலானின் வால். திருப்பூர் என்பது கண்ணுக்கு 5 எழுத்து. புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியாக எண்ணி ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் 10 என்று சொல்லும். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் கம்பியில் போகும்போது ஒவ்வொன்றுக்கும் 3 வீதம் 30 பைட். அவர்கள், உள்ளடக்கம் எத்தனை பைட் என்று கோரிக்கையின் தலைப்பில் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரில் லெங்த்தை அப்படியே போட்டிருந்தார்கள். கணக்கில் 20 பைட் குறைவு. அந்த வாலை எண்ணிப் பாருங்கள்: தமிழ் 18, மேற்கோள் குறியும் அடைப்பும் 2. ஆங்கிலத்தில் எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அங்கே இது தெரியவே தெரியாது.

சர்வரிலேயே 'கொஞ்சம் கூடப் படித்துக்கொள்' என்று ஒட்டுப்போடச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். பைட்டுகளைக் கொண்டுசேர்க்கும் டிசிபி இணைப்பில் செய்திக்கு எல்லை கிடையாது. எங்கே முடிகிறது என்று சொல்ல இங்கே அந்த எண் ஒன்றுதான் இருக்கிறது. அதை மீறி ஊகிக்கத் தொடங்கினால் ஒருவர் கோரிக்கைக்குள் இன்னொருவர் கோரிக்கையை நுழைக்க வழி திறந்துவிடும். கடைசியில் அவர்கள் பக்கம் லெங்த்துக்குப் பதில் பைட்டை எண்ணும் பஃபர்.பைட்லெங்த், ஒரே வரி மாற்றம்.

கோபியிலிருந்து இன்னொருவர்:

எங்க பக்கம் வேற கதைங்க. பால் சேகரிப்பு மையத்து எடை மெஷின் சிம் கார்டு வழியாக அனுப்பும். ஆபீஸ் வைஃபையில் ஓடும், அங்கே போனால் ஓடாது. ஹெடர் இரண்டு மூன்று துண்டாக வந்திருக்கிறது. முன்பு எழுதியவர் ஒருமுறை படித்ததையே முழுக் கோரிக்கை என்று எடுத்துக்கொண்டார். ஹெடர் முடிந்தது என்று காட்டும் வெற்று வரி வரும்வரை சேர்த்துப் படிக்கிற மாதிரி மாற்றினேன். அளவுக்கும் நேரத்துக்கும் வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது ஒவ்வொரு பைட்டாக அனுப்பியே இணைப்பைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஹெடர் அளவு வரம்பைத் தாண்டினால், 'ஹெடர் மிகப் பெரிது' என்று பொருள்படும் 431 என்று பதில் சொல்லலாம்.

பல்லடத்திலிருந்து மற்றொருவர்:

போன் நம்பரில் +91 காணாமல் போய் வெறும் இடைவெளியும் 91-உம் வந்தால் மெனக்கெட்டுத் தேடாதீங்க. படிவத் தரவில் + என்றால் இடைவெளி. அனுப்புகிறவர் %2B என்று மாற்றி அனுப்பணும்.