வளவு வீட்டுப் பங்காளிகள் குழு: படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) முன்னால கண்ணாடி துடைக்கிறது

சோலை சித்தப்பா: காலையிலயே ஆளுக வந்துட்டாக. முகப்பு முடிஞ்சுது. உள்ள முற்றத்தைச் சுத்துன வளவுலதான் சிக்கல். பெல்ஜியம் கண்ணாடியில மணலா இருந்ததெல்லாம் ஊதுனதும் உதிர்ந்திருச்சு. அடியில வெள்ளையா ஒரு படலம், பெரிய ஃபேனைத் திருப்பி வச்சும் அசைய மாட்டேங்குது.

மெய்யம்மை ஆச்சி: பூட்டிக் கிடந்த வீடு, அப்படித்தான் இருக்கும். ஆனா சோலை, லேசான தூசிதானே முதல்ல பறக்கணும்? மணல் போயிட்டு மாவுத் தூசி எப்படி நிக்குது?

வள்ளி: சின்னதா இருக்கறதுனாலதான் நிக்குது ஆச்சி. கண்ணாடியும் தூசியும் தொடுற இடத்துல ஒரு இழுப்பு உண்டு. வான் டெர் வால்ஸ் விசைன்னு பேரு. துகளோட குறுக்களவு பத்துல ஒண்ணாக் குறைஞ்சா அந்த இழுப்பும் ஏறக்குறைய பத்துல ஒண்ணாத்தான் குறையும். காத்து தள்ளுற விசை நூறுல ஒண்ணாப் போயிரும், எடை ஆயிரத்துல ஒண்ணு. அதனால மணலை உதிர்க்கிற காத்துக்கு மாவுத் தூசி மசியாது.

வள்ளி: இன்னொண்ணு. கண்ணாடியை ஒட்டுன காத்து ஓடவே ஓடாது, தள்ளிப் போகப்போகத்தான் வேகம் வரும். இந்தத் தூசி அந்த அசையாத இடத்துக்குள்ள படுத்துக்கிடக்கு. ஃபேன் றெக்கை சுத்திக்கிட்டே இருந்தும் தூசி பிடிக்குதுல்ல, அதுக்கும் இதுதான் காரணம்.

மெய்யம்மை ஆச்சி: காந்தம் மாதிரியா ஆத்தா?

வள்ளி: காந்தம் இல்ல ஆச்சி. பட்டாலைக் கூடத்துச் சுவத்துல பல்லி ஒட்டி ஓடுதே, அந்தப் பிடிப்பு.

ராமு அண்ணே (சிங்கப்பூர்): அது சரி வள்ளி, மணலும் கண்ணாடியில வந்து மோதத்தானே செய்யுது. அது ஏன் ஒட்டலை?

வள்ளி: இதுதான் அண்ணே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். மோதுன நொடியில துகள் கொஞ்சம் நசுங்கி, திரும்ப விரியப் பார்க்கும். வந்த வேகத்துல ஒரு பங்கு நசுங்கறதுலயும் சூடாவும் செலவாயிரும். மிச்சம் இருக்கறது அந்த இழுப்பைப் பிச்சுக்கிட்டு வரப் போதுமானா துள்ளிரும், இல்லைன்னா அங்கேயே ஒட்டிக்கும். மணலுக்கு எடை இருக்கு, மிச்சமும் இருக்கும். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு இருக்கற துகள் துள்ளணும்னா நொடிக்கு சுமார் ஒரு மீட்டர் வேகத்துலயாவது வந்து மோதணும். முடியோட தடிமனே 70 மைக்ரான் போல, அப்ப பார்த்துக்குங்க. 10 மைக்ரான் மண் தூசியே அசையாத காத்துல நொடிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காது. துள்ளறதுக்கு வேண்டிய வேகத்துக்கு எங்க போகும்?

சோலை சித்தப்பா: இப்பத்தான் ஆத்தங்குடித் தரைக் கல்லு மேல கோலப்பொடியைத் தூவிப் பார்த்தேன். குறுணையெல்லாம் தெறிச்சு ஓடுது. அடியில இருந்த நைசு மட்டும் விழுந்த இடத்துலயே கிடக்கு, விரலை வச்சா ரேகையிலயும் ஏறிக்குது.

சோலை சித்தப்பா: ஆனா ஊஞ்சல் சங்கிலியில எண்ணெய் போட்ட இடத்துல பெரிய மணலும் ஒட்டியிருக்கே வள்ளி?

வள்ளி: எண்ணெய் அந்தத் துள்ளலை முழுங்கிரும் சித்தப்பா. காத்துல எவ்வளவு தூசின்னு அளக்குற சில கருவியில தூசியைப் பிடிக்கத் தட்டுத் தட்டா தகடு இருக்கும், அந்தத் தகட்டுக்கு வேணும்னே கிரீஸோ எண்ணெயோ தடவுவாக. தடவலைன்னா துகள் துள்ளி அடுத்த தட்டுல போய் விழுந்து, கணக்குத் தப்பாயிரும்.

மெய்யம்மை ஆச்சி: எல்லாம் சரி, கண்ணாடியை எப்படித் துடைக்கிறது? அதைச் சொல்லு.

வள்ளி: மணல் ஒண்ணுகூட இல்லாம முதல்ல ஊதிரணும். மணல் கண்ணாடியைவிடக் கெட்டி, துணியோட சேர்ந்து தேய்ச்சா கீறிரும். அப்புறம் மெத்துப் பருத்தித் துணியைத் தண்ணியில நனைச்சு ஒட்டப் பிழிஞ்சு துடைக்கணும், உடனே காஞ்ச துணி. ஈரத்தை அப்படியே காயவிட்டா தண்ணி வத்தும்போது தூசியைக் கண்ணாடியோட இழுத்து ஒட்டிட்டுப் போயிரும், பழையதைவிட மோசம்.

மெய்யம்மை ஆச்சி: சட்டத்து ஓரத்துல ஈரம் படக்கூடாது சோலை. உள்ள இறங்குனா கண்ணாடிக்குப் பின்னால பூசுன ரசம் கறுத்துரும், மாடிக் கண்ணாடி அப்படித்தான் போச்சு. முட்டை கலந்த சுண்ணாம்பு பூசுன சுவத்துல தண்ணியே வேணாம், அப்பத்தா காஞ்ச துணியாலதான் துடைப்பாக. தரைக்கு ஆசிட் யாரும் ஊத்திராதீக, சிமெண்டுக் கல்லு, சாயம் போயிரும்.

சோலை சித்தப்பா: சரி ஆச்சி. ஓரத்தை நானே துடைக்கிறேன். பழைய வேட்டி ஏதாவது இருந்தா குடுத்து விடுங்க, இங்க இருக்கறது எல்லாம் பாலியஸ்டர்.

மெய்யம்மை ஆச்சி: ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். ஆளை அனுப்பு.