இயற்பியல் படித்தவர் உருவ வளர்ச்சி ஆய்வுக்குப் போக வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். விலங்குகளின் உடல் எப்படி வடிவம் பெறுகிறது என்பதில் பிஎச்டி செய்ய ஆசை. ஹைட்ரா என்ற சின்ன நன்னீர் உயிரியின் உடலிலிருந்து வெட்டி எடுத்த சிறு துண்டுகூட முழு ஹைட்ராவாக வளரும். அந்தத் துண்டில், செல்களைச் சுருங்கவைத்து இழுக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வரிசை குலையும் இடத்தில்தான் புதுத் தலை உருவாகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் மரபணுக்களோடு இழுவிசைக்கும் இதில் எவ்வளவு பங்கு? இந்தக் கேள்வி என்னை விடவே மாட்டேன் என்கிறது.

பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்), ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்கள் பற்றித் தெரியும். டிரெஸ்டனில் உயிரியலாளர்களும் இயற்பியலாளர்களும் சேர்ந்தே வேலை செய்கிறார்கள். அங்கெல்லாம் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்: உயிரியலைப் பள்ளியோடு விட்டவரைச் சேர்ப்பார்களா? முதலில் ஏதாவது ஆய்வகத்தில் சில மாதம் பயிற்சி எடுப்பது நல்லதா? அப்புறம், பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சலில் என்ன இருக்க வேண்டும்?