சென்னையில் மை நிரப்பிய பேனா பெங்களூரில் ஒழுகுமா?

அல்சூர்வாசி:
எங்கள் அடுக்ககக் குழுவில் நேற்று ஒரு அறிவாளி எழுதியது இது: "பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு. இங்கே இங்க் பேனா ஒழுகத்தான் செய்யும். பேசாமல் ஜெல் பேனா வாங்குங்கள்." அதற்குக் கட்டைவிரல் காட்டியவர்கள் ஒரு பட்டாளம். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இங்க் பேனாவில் எழுதும் பெங்களூர்க்காரர்கள் எல்லாம் நீலம் பாரித்த சட்டையோடா திரிகிறார்கள்? சரி, அது கிடக்கட்டும். தினமும் இரண்டு மூன்று பக்கம், ஆபீஸ் ஜெராக்ஸ் தாளில் எழுத வேண்டும். எந்தப் பேனா, எந்த மை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எபோனைட் ஏகாம்பரம்:
இதற்கு ஒரு விவாதமா? கையால் கடைந்த எபோனைட் பேனா. ஐட்ராப்பர், அதாவது சொட்டுக்குழாயால் பேனாவின் உடம்புக்குள்ளேயே நேராக மை ஊற்றும் வகை. திருவள்ளூர் ரங்கா ஆகட்டும், ராஜமுந்திரி ரத்னம் ஆகட்டும். ரத்னம் என்றால் சும்மா இல்லை, காந்தியின் சுதேசி அழைப்பைக் கேட்டுப் பேனா செய்ய இறங்கியவர்கள். நான் சென்னை சென்ட்ரலில் மை ஊற்றிக்கொண்டு ரயிலேறி, பெங்களூரில் இறங்கி, சட்டைப் பையிலிருந்து எடுத்து அப்படியே எழுதுகிறவன். ஒரு சொட்டு ஒழுகியதில்லை. ஒரு சொட்டு!

ஒயிட்ஃபீல்டு குமார்:
அந்த "அறிவாளி" நான்தான். முதுகுக்குப் பின்னால் பேசுவதற்கு நன்றி. அனுபவத்தில்தான் சொன்னேன். சென்னையிலிருந்து இண்டர்வியூவுக்கு வந்தபோது பையில் இருந்த ஐட்ராப்பர் பேனா மை கக்கி வெள்ளைச் சட்டை போயிற்று. கம்பெனி பெயர் வேண்டாம். ஏகாம்பரம் சார் பேனா ஒழுகவில்லை என்றால் அதில் மை இருந்திருக்காது.

எபோனைட் ஏகாம்பரம்:
மை இருந்தது தம்பி. பேனாவைத் திருகி மூடத் தெரியாதவர்கள் ஊரின் உயரத்தைக் குறை சொல்லக்கூடாது. கழுத்து மரையில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும், எங்கேயும் கசியாது.

பிசிக்ஸ் மிஸ்:
கிரீஸ் மரை வழியாகக் கசிவதைத்தான் தடுக்கும். குமார் சொல்வது நிப்பு வழியாக வருவது. இரண்டும் வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னையைவிடப் பெங்களூரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. 3 மில்லி பிடிக்கும் பேனாவில் பாதிதான் மை என்றால், மீதி ஒன்றரை மில்லி காற்று. அது இங்கே வரும்போது சுமார் 0.15 மில்லி கூடுதலாக விரியும். நிப்பு கீழ்நோக்கி இருந்தால் அவ்வளவு மையை வெளியே தள்ளும், அதாவது சுமார் மூன்று சொட்டு. நிப்பு மேல்நோக்கி இருந்தால் காற்று மட்டும் போய்விடும். இங்கேயே குடியிருந்து இங்கேயே மை ஊற்றுகிறவர்களுக்கு 900 மீட்டரும் ஒன்றுதான், மெரினாவும் ஒன்றுதான். அவர்கள் பேனா கக்கினால் பெரும்பாலும் கைச்சூடுதான் காரணம். உள்ளே இருக்கும் காற்று 10 டிகிரி சூடேறினால் 3 சதவீதம் விரியும். மை பாதிக்குக் கீழே போகும் முன் நிரப்பிவிட்டால் தொல்லை இல்லை.

ஒயிட்ஃபீல்டு குமார்:
மூன்று சொட்டு! மிஸ்ஸே சொல்லிவிட்டார்கள். நான் சொன்னது சரி.

எபோனைட் ஏகாம்பரம்:
நிப்பு மேலே இருந்தால் ஒழுகாது என்றும் மிஸ்ஸேதான் சொன்னார்கள். நான் சொன்னது சரி. ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

பிசிக்ஸ் மிஸ்:
நான் சொன்னதில் பாதியை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு போகிறீர்கள்.

பச்சைமை ஆடிட்டர்:
ஒழுகலை விடுங்கள். கேட்டவர் ஜெராக்ஸ் தாளில் எழுதப்போகிறார். 70, 75 ஜிஎஸ்எம் மெல்லிய தாளில் ஏகாம்பரம் சாரின் ஐட்ராப்பர் கொட்டுகிற மைக்கு, ஓரமெல்லாம் மை பரவி எழுத்துக்கு மீசை முளைத்து நிற்கும். ஜப்பான் பேனாவில் ஃபைன் நிப்பு வாங்கட்டும். ஜெர்மன் ஃபைனைவிட அது மெலிசு. மை ப்ளூ பிளாக். ராயல் ப்ளூ பார்க்க அழகு, ஆனால் தண்ணீர் பட்டால் போச்சு. பெலிக்கான் 4001 ப்ளூ பிளாக்கில் இரும்பு உப்பு உண்டு, காய்ந்தபின் கறுத்துத் தாளோடு பிடித்துக்கொள்ளும். ஒன்று மட்டும், மையோடு பேனாவை மாதக்கணக்கில் போட்டுவைக்காமல் அவ்வப்போது கழுவ வேண்டும்.

எபோனைட் ஏகாம்பரம்:
ஆடிட்டர் சாருக்கு ஜப்பான், ஜெர்மன் எல்லாம் தெரியும், சுலேகா தெரியாது. 1934இல் வங்காளத்தில் சுதேசி மையாகத் தொடங்கியது. போன வருடம் டேக்ஸ் இழையிலும் இப்படித்தான் வெளிநாட்டுக்கு வக்காலத்து வாங்கினார். அப்புறம், மீசை முளைப்பது தாளின் குற்றம், பேனாவின் குற்றமில்லை.

பச்சைமை ஆடிட்டர்:
டேக்ஸ் இழையை ஏன் இழுக்கிறீர்கள்? அங்கே நீங்கள் கேட்ட கேள்விக்கு இலவசமாகப் பதில் சொன்னது நான்.

பென்சில் பாண்டி:
குறுக்கே வருகிறேன். வீட்டில் டிராயிங்குக்கு வாங்கிய இந்தியன் இங்க் இருக்கிறது. அதை ஊற்றலாமா?

பிசிக்ஸ் மிஸ்:
வேண்டாம். அதில் கரித்தூளும் அரக்கும் இருக்கும். காய்ந்தால், நிப்புக்கு அடியில் மை கொண்டுவரும் நாக்கு அடைத்துக்கொள்ளும்.

ஒயிட்ஃபீல்டு குமார்:
செக்கில் கறுப்பு மையே கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதாமே? அதையும் பாண்டி கவனிக்கட்டும்.

பச்சைமை ஆடிட்டர்:
2025 ஜனவரியில் சுற்றிய வதந்தி அது. மத்திய அரசின் செய்திச் சரிபார்ப்புப் பிரிவே பொய் என்று சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கி எந்த நிறத்தையும் கட்டாயமாக்கவில்லை. 900 மீட்டர் கதையையும் இப்படித்தான் பரப்பினீர்களா?

ஒயிட்ஃபீல்டு குமார்:
வதந்தி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? என் சட்டை போனது வதந்தியா? மூன்று சொட்டு என்று கணக்கே வந்தாயிற்று. ஏகாம்பரம் சார் தன் பேனாவின் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைப் படம் எடுத்துப் போடட்டும். மை இருக்கிறதா இல்லையா என்று ஊர் பார்க்கட்டும்.

எபோனைட் ஏகாம்பரம்:
மூடிக்குள் நாலு புள்ளி எல்லாப் பேனாவிலும்தான் இருக்கும். சட்டையில் பட்டதா என்பதுதான் கேள்வி. படவில்லை. எபோனைட் என்றால் ரப்பரைக் கந்தகத்தோடு வேகவைத்து இறுக்கியது, கைச்சூடு சட்டென்று உள்ளே போகாது. நீங்கள் வைத்திருந்தது ஏதாவது மெல்லிய பிளாஸ்டிக் பேனாவாக இருக்கும்.

ஒயிட்ஃபீல்டு குமார்:
நாலு புள்ளியா! நேற்று வரை ஒரு சொட்டுகூட இல்லை என்றீர்கள். படம் எங்கே?

எபோனைட் ஏகாம்பரம்:
ஃபோன் பையனிடம் இருக்கிறது.

அல்சூர்வாசி:
இதை எதில் எழுதுகிறீர்கள் சார்?

எபோனைட் ஏகாம்பரம்:
உங்கள் கேள்விக்கு முதல் ஆளாகப் பதில் சொன்னவன் நான். எனக்கே குறுக்கு விசாரணையா? அடுத்த வாரம் கல்யாணத்துக்குச் சென்னை போகிறேன். அங்கே மை ஊற்றி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன். கப்பன் பூங்காவுக்கு எல்லாரும் வாருங்கள், அங்கேயே கழற்றிக் காட்டுகிறேன்.

ஒயிட்ஃபீல்டு குமார்:
வருகிறேன். ஆனால் முழுக்க ஊற்றிக்கொண்டு வரக்கூடாது. உள்ளே காற்றே இல்லாவிட்டால் எது விரியும்? பாதி ஊற்றி, நிப்பைக் கீழே பார்க்க வைத்துக்கொண்டு வாருங்கள்.

எபோனைட் ஏகாம்பரம்:
யாராவது பேனாவைத் தலைகீழாகப் பையில் குத்துவார்களா? என் பேனா, என் மை. எவ்வளவு ஊற்றுவது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.

பச்சைமை ஆடிட்டர்:
கல்யாணத்துக்குப் போகிறவர் மொய்க்கவரில் பெயரையாவது ப்ளூ பிளாக்கில் எழுதட்டும். ராயல் ப்ளூவில் எழுதி ஈரக்கை பட்டால் யார் வைத்த மொய் என்றே தெரியாது.

எபோனைட் ஏகாம்பரம்:
மொய்க்கவரில் எந்த மை என்பதும் இனி ஆடிட்டரைக் கேட்டுத்தானா?