எஸ் கிளாஸ் காரின் பின் ஆசனமும் கந்தளாய் வீதியும்: அனுபவப் பகிர்வு

வணக்கம். மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் கார்களை ஓட்டியவர்களும் அவற்றில் பயணித்தவர்களும் இங்கே எழுதிவரும் அனுபவங்களை விருப்பத்தோடு வாசித்து வருகிறேன். பெரும்பாலானவர்கள் திரை, உள்விளக்குகள், இயந்திரத்தின் வலு ஆகியவற்றைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். நான் திருகோணமலை உவர்மலையில் ஒரு குடும்பத்துக்குச் சாரதியாக இருக்கிறேன். அவர்களிடம் இருப்பது 2013இல் அறிமுகமான டபிள்யூ 222 தலைமுறையைச் சேர்ந்த எஸ் 400 ஹைப்ரிட். அதில் அதிகம் பயணிப்பவர் வீட்டின் மூத்தவரான அம்மா. முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட அவர், மருத்துவரைக் காண்பதற்காகக் கொழும்புக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருக்கிறது. ஆகவே என் பகிர்வு பின் ஆசனத்தைப் பற்றியது. பின்னால் அமர்பவரை மனத்தில் வைத்தே இந்தக் கார் உருவாக்கப்பட்டிருக்கிறது; ஆனால் அவர் ஆசனப்பட்டி அணியாமல் அமர்ந்தால் அவருக்கென்று செய்துவைக்கப்பட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளில் பெரும்பகுதி அவருக்குப் பயன்படாது. இதை உறுப்பினர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

திருகோணமலையிலிருந்து தம்பலகாமச் சந்தி, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஏ6 வீதி இன்று நல்ல நிலையில் இருக்கிறது என்றாலும், பாலங்களின் பொருத்துகளும் ஊர்களுக்குள் போட்டிருக்கும் வேகத்தடைகளும் முதுகுவலி உள்ளவருக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். முன்பு அந்தக் குடும்பம் பயன்படுத்திய வான் வண்டியில் போகும்போது ஹபரணையிலும் குருநாகலிலும் இறங்கி, சற்று நடந்த பிறகே அம்மாவால் மீண்டும் அமர முடிந்தது. இந்தக் காரில் உருக்குச் சுருள்களுக்குப் பதிலாக, அழுத்தக் காற்று நிரம்பிய இறப்பர் பைகளே காரின் உடலைத் தாங்குகின்றன. சில்லு பள்ளத்தில் இறங்கினாலும் ஆசனத்துக்கு வருவது ஒரு மெல்லிய அசைவு மட்டுமே. இதே தலைமுறையின் எட்டு சிலிண்டர் மாதிரிகளுக்கு, முன்கண்ணாடியின் பின்னே உள்ள இரட்டைக் கமராவால் முன்னேயுள்ள 15 மீட்டர் வரையான வீதிப்பரப்பை அளந்து, மேடு வருவதற்கு முன்பே தாங்கு அமைப்பைத் தயார்செய்யும் ஏற்பாடும் கிடைத்தது. எங்கள் காரில் அது இல்லை. இல்லாமலே அம்மா குருநாகல் வரை உறங்கிவிடுகிறார்.

பின்னால் இடப்பக்க ஆசனத்தில்தான் அவர் அமர்வார். அதற்கு முன்னாலுள்ள பயணி ஆசனம் நன்றாக முன்னே நகர்ந்து இடம்விட, முதுகுச் சாய்மானத்தை 43.5 பாகை வரை சாய்க்கலாம். காலுக்கும் தாங்கி எழும்பும். பார்ப்பவர்கள் இதைச் சொகுசு என்பார்கள். முதுகெலும்பின் மீது உடற்பாரம் நேராக இறங்காமல் சாய்மானத்தோடு பகிரப்படுவதுதான் அம்மாவுக்கு இதனால் கிடைக்கும் உண்மையான நன்மை.

ஆனால் சாய்ந்து படுப்பதில் ஓர் ஆபத்து உண்டு. நிமிர்ந்து இருப்பவரை இடுப்புப் பட்டி இடுப்பெலும்பில் பிடித்து நிறுத்தும். சாய்ந்திருப்பவரோ மோதலின்போது பட்டிக்கு அடியால் முன்னோக்கி வழுக்கிச் செல்லக்கூடும். அப்போது பட்டி எலும்பை விட்டு மென்மையான வயிற்றில் அழுந்தும். இதைத் தடுப்பதற்காகவே, சாயும் ஆசனத்தின் இருக்கைக்குள் ஒரு காற்றுப்பையை வைத்திருக்கிறார்கள். மோதல் நேர்ந்தால் அது விரிந்து இருக்கையின் முன் விளிம்பை உயர்த்தி, உடல் வழுக்காமல் தடுக்கும். பின் ஆசனப் பட்டிக்குள்ளேயே காற்றுப்பை பொருத்தப்பட்ட மாதிரிகளும் உண்டு. அது ஊதும்போது பட்டியின் அகலம் மூன்று மடங்கு வரை கூடுவதால், அழுத்தம் விலா எலும்புகளில் ஓரிடத்தில் குவியாமல் பரவுகிறது. எலும்புகள் நலிந்த முதியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை. இவை எல்லாமே பட்டி அணிந்தவருக்கு மட்டுமே பயன்படுபவை.

பின்னால் அமர்பவர்கள் பட்டி அணியும் வழக்கம் எங்கள் பகுதியில் மிகக் குறைவு. அம்மாவும் முதலில் மறுத்துக்கொண்டே இருந்தார். “பின்னால இருக்கிற எனக்கு எதுக்குத் தம்பி பட்டி?” என்பார். உண்மையில் அவருக்கு இருந்த சிரமம் வேறு: உடலைத் திருப்பிக் கொக்கியைத் தேட அவருடைய முதுகு இடம்கொடுக்கவில்லை. இந்தக் காரில் பின்கதவைத் திறந்ததும் பட்டியின் கொக்கி ஒரு சிறு மோட்டாரால் 70 மில்லிமீற்றர் வரை மேலே எழுந்து வருகிறது. அதில் விளக்கும் எரிகிறது. அம்மா திரும்பாமலேயே கையைப் பக்கத்தில் இறக்கி, ஒளிரும் இடத்தில் பட்டியின் உலோக நாக்கைச் செருகிவிடுகிறார். செருகிய பிறகு கொக்கி தானாகக் கீழே இறங்கி, பட்டியின் தளர்வை எடுத்துக்கொள்கிறது. இதைக் காட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவர் மறுப்புச் சொல்வதில்லை.

அதன் பயனைத் தம்பலகாமச் சந்திக்கும் கந்தளாய்க்கும் இடையில் கண்டோம். மாரிமழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை நேரம். வீதி ஈரமாக இருந்தது. வயல் பக்கமிருந்து எருமைகள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. முதலில் வந்தது வீதியோரத்தில் நின்றுவிட, அதன் பின்னால் மறைந்திருந்த கன்று திடீரென்று குறுக்கே ஓடியது. மணிக்கு 70 கிலோமீற்றர் என்பது ஒரு விநாடிக்கு 19 மீற்றருக்கும் அதிகம். நான் பிரேக்கை ஓங்கி மிதித்த அதே கணத்தில் என் மார்புக்குக் குறுக்கே இருந்த பட்டி என்னை ஆசனத்தோடு இறுக்கிப் பிடித்தது. கார் நேர்கோட்டில் நின்றது. கன்று கடந்துபோனது. பிறகு பட்டி மெதுவாகத் தளர்ந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். சாய்ந்திருந்த அம்மா சாய்ந்த இடத்திலேயே இருந்தார். “பட்டி தானா இறுகினது, பிறகு தானா விட்டிட்டுது தம்பி,” என்றார். மடியில் இருந்த மருத்துவக் கோப்பு மட்டும் முன் ஆசனத்தின் அடியில் கிடந்தது.

அந்தச் சில கணங்களுக்குள் நடந்ததற்குப் பின்னே பல பத்தாண்டு உழைப்பு இருக்கிறது. சில்லுகள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ், பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டு, 1978இல் டபிள்யூ 116 எஸ் கிளாஸில் வந்தது. சாரதிக்கான காற்றுப்பையும் முன் பயணிக்கான பட்டி இறுக்கியும் 1981இல் டபிள்யூ 126இல் வந்தன. சறுக்கலைத் திருத்தும் ஈஎஸ்பி 1995இலும், சாரதி விரைவாக மிதித்தும் போதிய பலத்தோடு மிதிக்காதபோது முழுத் தடுப்பு விசையையும் தானே கொடுக்கும் பிரேக் உதவி 1996இலும் சேர்ந்தன. மோதல் நடக்கக்கூடும் என்று உணர்ந்தவுடனேயே பட்டியை இறுக்கி, கார் சறுக்கும் நிலையில் திறந்திருக்கும் கண்ணாடிகளையும் மூடி, ஆபத்து விலகினால் எல்லாவற்றையும் பழையபடி விட்டுவிடும் ப்ரீ-சேஃப் 2002இல் வந்தது. காற்றுப்பை ஒருமுறைதான் வெடிக்கும். இந்த இறுக்கம் எத்தனை முறை நேர்ந்தாலும் திரும்பத் திரும்ப வேலை செய்யும். எங்கள் வீதிகளில் கால்நடைகளுக்காக நடுநடுவே பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால், இந்தக் காரின் அம்சங்களில் முதலிடத்தை நான் இதற்கே தருவேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாரதியின் களைப்பை ஸ்டியரிங் அசைவிலிருந்து கணித்துக் கோப்பிக் கோப்பைக் குறியைக் காட்டும் ஏற்பாடு, 2009இல் வந்தபோது மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல்தான் வேலை செய்தது. அதிவேக நெடுஞ்சாலை அல்லாத எங்கள் வீதிகளில் கார்களுக்கான உச்ச வேகம் 70 என்பதால், பழைய டபிள்யூ 221 வைத்திருக்கும் நண்பர்கள் அந்தக் குறியைக் காணாததில் வியப்பில்லை. டபிள்யூ 222இல் அது 60இலிருந்தே வேலை செய்கிறது. முன்னே செல்லும் வாகனத்தோடு இடைவெளி காக்கும் டிஸ்ட்ரோனிக்கை நான் தம்புள்ளைக்கு அப்பால் பயன்படுத்துவதில்லை; முச்சக்கரவண்டிகள் அந்த இடைவெளிக்குள் நுழையும்தோறும் கார் பிரேக் பிடிப்பதால், பின்னால் இருப்பவருக்குத்தான் அசௌகரியம்.

இரவுப் பார்வைக் கமராவைப் பற்றி ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். எங்கள் காரில் அது உண்டு. திருகோணமலை பிரட்றிக் கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் இருட்டில் கண்ணுக்குப் புலப்படுவதற்கு முன்பே திரையில் குறியிடப்பட்டுத் தெரிந்ததைப் பார்த்திருக்கிறேன். நடந்துசெல்லும் மனிதர்கள் மீது விளக்கை மின்னவைத்து எச்சரிக்கும் இந்த அமைப்பு, விலங்குகள் மிரளக்கூடும் என்பதால் அவற்றின் மீது மின்னுவதில்லை. அது நல்ல ஏற்பாடு. ஆனால் உடற்சூட்டைக் காணும் கமராவுக்குச் சுற்றுப்புறம் குளிர்ந்திருக்கும்போதே வேறுபாடு தெளிவாகத் தெரியும். பகல் முழுவதும் வெயில் குடித்த தார்வீதி இரவிலும் சூடாக இருக்கும் எங்கள் பகுதியில், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட யானைக் காட்டை அந்தக் கமராவை நம்பி இரவில் கடக்க நான் சம்மதிப்பதில்லை. அதிகாலை மருத்துவ நேரம் என்றால் முதல்நாள் பகலிலேயே புறப்பட்டுவிடுவோம்.

மறுமொழி: வாகன மின்னியல் தொழில்நுட்பவியலாளர், அநுராதபுரச் சந்தி, திருகோணமலை

சாரதி அண்ணன் எழுதியது முற்றிலும் சரி. திருத்தகத்தில் இருந்து பார்க்கும் எனக்கு, இந்த ஏற்பாடுகள் எவ்வாறு செயலிழக்கச் செய்யப்படுகின்றன என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டி அணியாதபோது எழும் எச்சரிக்கை ஒலியை நிறுத்துவதற்காகக் கொக்கிக்குள் வெறும் உலோக நாக்கு ஒன்றைச் செருகிவைக்கிறார்கள். கடைகளில் அது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதைச் செருகியதும் பட்டி அணியப்பட்டிருப்பதாகவே கார் எண்ணிக்கொள்ளும். பட்டி அணிந்த உடலுக்கென்று கணக்கிடப்பட்ட நேரத்தில் காற்றுப்பை விரிய, எதுவும் பிடித்திராத உடல் அதற்குள் முன்னே பாய்ந்திருக்கும். என்னிடம் வரும் கார்களில் அதைக் கண்டால் உரிமையாளரிடம் காரணத்தைச் சொல்லி அகற்றித் தருகிறேன். பக்கக் காற்றுப்பை உள்ள ஆசனங்களுக்கு, தையல் பிரியாத தடித்த உறைகளைப் போடுவதும் இதே அளவு ஆபத்தானது.

அடுத்தது முன்கண்ணாடி. கல் தெறித்துக் கண்ணாடி மாற்றப்பட்ட ஒரு கார், வேறோர் இடத்தில் வேலை முடிந்து, பாதசாரிகளை உணராத நிலையில் என்னிடம் வந்தது. கண்ணாடியின் பின்னே உள்ள கமரா சற்றே கோணம் மாறினாலும், தொலைவில் உள்ள பொருளின் இடத்தைப் பிழையாகக் கணிக்கும். கண்ணாடி மாற்றினால் கமராவை மறுபடியும் அளவுதிருத்தம் செய்தே ஆக வேண்டும். அதற்கான கருவி இல்லாத இடத்தில் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொண்டு வராதீர்கள்.

காற்றுத் தாங்கிகளின் இறப்பரும் எல்லா இறப்பரையும் போலக் காலப்போக்கில் வெடிப்பு விடும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலோரத்தில் நிறுத்தும் கார்களில், காற்றுக் குழாய்ப் பொருத்துகளும் உப்பால் அரிக்கப்படுகின்றன. காலையில் காரின் ஒரு மூலை தாழ்ந்திருந்தாலும், இயக்கியபின் காற்றழுத்தி வழக்கத்தைவிட நீண்ட நேரம் இரைந்தாலும் உடனே காட்டுங்கள். சவர்க்கார நீர் தெளித்தால் கசிவு குமிழியிட்டுத் தெரிந்துவிடும். தாமதித்தால், குறைந்த காற்றை நிரப்ப ஓயாமல் ஓடும் அழுத்தியும் எரிந்துபோய்ச் செலவு இரட்டிப்பாகும். அடிப்பாகத்தை நன்னீரால் கழுவும் வழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சாரதியின் மறுமொழி

தம்பி எழுதிய உலோக நாக்கை நானும் சில வாடகைக் கார்களில் கண்டிருக்கிறேன். விரிவாக விளக்கியதற்கு நன்றி.

2020இல் வந்த டபிள்யூ 223 தலைமுறையை வாங்கலாமா என்று எங்கள் முதலாளியும் யோசித்துக்கொண்டிருக்கிறார். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து வீட்டில் இந்தப் பேச்சு நடக்கிறது. ஜெர்மனியில் 2021 டிசம்பரில் அனுமதி பெற்ற, சாரதியின் கண் வீதியில் இல்லாமலேயே தானே ஓட்டும் வசதியைப் பலர் புகழ்கிறார்கள். அது அந்நாட்டு நெடுஞ்சாலைகளில், தொடக்கத்தில் மணிக்கு 60 கிலோமீற்றர் வரை மட்டும் அனுமதிக்கப்பட்டது. எங்களுக்கு அது பயன்படாது. பின் சில்லுகளும் 10 பாகை வரை திரும்புவதால் வளைவு வட்டம் ஏறத்தாழ 2 மீற்றர் குறைவது நகரத்துக்குள் நிச்சயம் உதவும். பக்கவாட்டு மோதல் வரப்போவதை உணர்ந்தால், காரின் உடலையே 80 மில்லிமீற்றர் வரை உயர்த்தி, அடியை வலுவான கீழ்ச்சட்டத்தில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடும் அதில் கிடைக்கிறது.

ஆனால் நான் அவரிடம் அழுத்திச் சொன்னது பின் ஆசனத்துக்கான முன்பக்கக் காற்றுப்பையைப் பற்றித்தான். முன் ஆசனத்தின் முதுகிலிருந்து விரியும் அந்தப் பையில், குழாய் போன்ற சட்டத்தை மட்டுமே அழுத்த வாயு நிரப்புகிறது. அச்சட்டம் விரித்த கூடாரத்துக்குள் சுற்றிலுமுள்ள காற்று புகுந்துகொள்கிறது. அதனால் பை மென்மையாக விரிந்து, பட்டி அணிந்தவரின் தலையையும் கழுத்தையும் தாங்கும். அது பெரும்பாலும் மேலதிகத் தெரிவாகவே வருகிறது. வாங்க எண்ணுபவர்கள் விலைப்பட்டியலில் அது தனியாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, வரப்போகும் காரின் அடிச்சட்ட (செசி) இலக்கத்துக்கு அது பொருந்தியிருப்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கார் தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு அதைச் சேர்க்க முடியாது.