துருவ நட்சத்திரமான போலாரிஸ் தெரியாத சிங்கப்பூரில் தொலைநோக்கி மவுண்ட்டை வடக்கே நிறுத்துவது எப்படி?

ஈசூன்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் புளோக்குக்குப் பக்கத்திலிருக்கும் பலமாடி கார்பார்க்கின் மேல்தளத்தில் தொலைநோக்கி வைக்கிறேன். 400 மி.மீ. குவியத் தூரம், ஈக்குவடோரியல் மவுண்ட் (துருவ அச்சை வானத் துருவத்துக்கு நேராக நிறுத்தினால் நட்சத்திரங்களைப் பின்தொடரும் தாங்கி; அச்சின் உயரக் கோணம் ஊரின் அட்சரேகைக்குச் சமம்). ஓரியன் நெபுலாவை 60 விநாடி படம் எடுத்தாலே நட்சத்திரங்கள் கோடாக இழுக்கின்றன. யூடியூபில் எல்லோரும் முதலில் போலாரிஸைப் பார் என்கிறார்கள். நம் அட்சரேகை 1.43 பாகைதான், அதனால் போலாரிஸ் தொடுவானத்தோடு ஒட்டிக் கிடக்கிறது, அந்தப் பக்கம் முழுக்கக் கட்டடமும் ஜொகூர் வெளிச்சமும். போன் திசைகாட்டியோ இரண்டு அடி நகர்ந்தால் வேறு திசை காட்டுகிறது. மவுண்ட்டின் அச்சும் 10 பாகைக்குக் கீழே இறங்காது. உண்மை வடக்கையும் இந்தச் சின்னக் கோணத்தையும் எப்படிப் பிடிப்பது?

தூக்குக்குண்டு:
தம்பி, திசைகாட்டியை நம்ப வேண்டாம். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் சிங்கப்பூரில் வித்தியாசம் ஒரு பாகைகூட வராது. உங்களைக் குழப்புவது தரைக்குள் இருக்கும் கம்பியும், சுற்றி நிற்கும் கார்களும், மவுண்ட்டின் இரும்பும்.

நான் கட்டுமானத் தளத்தில் சர்வே வேலை பார்ப்பவன். எனக்குப் பிடித்த வழி சூரிய நிழல். உச்சி வேளை நிழல் வடக்கு-தெற்காக விழும் என்று புத்தகங்களில் இருக்கும், அது உண்மைதான். ஆனால் இங்கே அது சரிப்படாது. பொங்கல் சமயத்தில் நம் உச்சி வேளை பகல் 1.14. அப்போது சூரியன் தலைக்கு மேலே வேகமாகத் திசை மாறுகிறது. கடிகாரத்தில் ஒரு நிமிடம் பிசகினால் 0.6 பாகை போய்விடும். மார்ச், செப்டம்பர் கடைசி வாரங்களை ஒட்டி உச்சியில் நிழலே அநேகமாக இருக்காது.

மாலை வெயில்தான் நமக்கு வரம். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் கடைசி ஒரு மணி நேரத்தில் அதன் திசை ஒரு பாகை அளவுக்குத்தான் மாறும். ஒரு நிமிடம் தவறினாலும் பாதகமில்லை.

செய்முறை இதுதான். தூக்குக்குண்டை அரை மீட்டர் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். குச்சி நட வேண்டாம். கார்பார்க் தரை மழைநீர் ஓடச் சரிவாக இருக்கும், குச்சி சாய்ந்தால் நிழலும் ஏமாற்றும். நூல் எப்போதும் நேராக நிற்கும், அதனால் தரைச் சரிவு திசையைக் கெடுக்காது. பொங்கலை ஒட்டி மாலை 6.25க்குச் சூரியன் 248 பாகைத் திசையில் (வடக்கை 0 என்று வைத்து வலமாக எண்ணினால் மேற்கு 270), 11 பாகை உயரத்தில் இருக்கும். நூல் நிழல் இரண்டரை மீட்டர் நீளும். அந்தக் கோட்டைச் சாக்பீஸால் போடுங்கள். குண்டின் நுனிக்கு நேர் கீழே இருக்கும் புள்ளியிலிருந்து, நிழல் போகும் திசைக்கு இடப்பக்கமாக மூலைமட்டம் வைத்துத் தரையில் நிழலுக்குச் செங்கோணமாக 200 செ.மீ. கோடு. அதன் முனையிலிருந்து நிழலுக்கு இணையாக, நிழல் போகும் பக்கமே 81 செ.மீ. அங்கே ஒரு குறி. குண்டுப் புள்ளியிலிருந்து இந்தக் குறிக்குப் போகும் கோடுதான் உண்மை வடக்கு.

248ஐ 270இலிருந்து கழித்தால் 22. 22இன் டேன்ஜென்ட் 0.404, அதை 200ஆல் பெருக்கினால் 81. வேறு நாளென்றால் அந்த நிமிடத்துச் சூரிய அசிமத்தை, அதாவது இந்தத் திசைக் கோணத்தை, ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். அசிமத் 270ஐத் தாண்டும் மாதங்களில் மட்டும் அந்த இரண்டாவது அளவை நிழல் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் எடுக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. திசைப் பிழை நம் ஊரில் முழுசாகப் படத்தில் ஏறும். ஒரு பாகை விலகினால், உச்சியருகே இருக்கும் ஓரியன் நெபுலா நிமிடத்துக்கு 15.7 ஆர்க்விநாடி (பாகையில் 3600இல் ஒரு பங்கு ஓர் ஆர்க்விநாடி) நகரும்.

அடுத்தது கோணம். முக்காலியின் ஒரு காலை தெற்கே வையுங்கள், வடக்கே இரண்டு கால்களுக்கு நடுவில் இடம் விடுங்கள். எதிர் எடை மாட்டும் தண்டு அந்தப் பக்கம்தான் சுழலும், கால் இருந்தால் இடிக்கும். அப்புறம் தெற்குக் காலை நீட்டி முழு முக்காலியையும் வடக்கே ஏறக்குறைய எட்டரை பாகை சாயுங்கள், அச்சு 10லிருந்து 1.4க்கு வந்துவிடும். பாரம் முன்னே போவதால் தெற்குக் காலில் ஒரு மணல் பை கட்டாயம்.

அளக்க ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் கோணமானி போதும். குழாயைத் துருவ அச்சுக்கு இணையாக நிறுத்தி, குழாயை மவுண்ட்டில் மாட்டும் டவ்டெயில் தகட்டின் மேல் ஒரு தடவை, முனை மாற்றி இன்னொரு தடவை வைத்துச் சராசரி எடுங்கள். கருவியின் சொந்தப் பிழை அதில் கழிந்துவிடும்.

பொங்கோல் இரவுகள்:
அண்ணன் சொன்ன கோடு கிடைத்ததும் ஒன்மேப் என்ற இணைய வரைபடத்தில் சரிபாருங்கள். உங்கள் கார்பார்க்கின் கைப்பிடிச் சுவர் எந்தக் கோணத்தில் போகிறது என்று வரைபடத்தில் அளந்து, சாக்பீஸ் கோட்டோடு ஒப்பிட்டால் பெரிய தவறு இருந்தால் உடனே தெரியும். கணினி இருந்தால் நைனா என்ற வானப்பட மென்பொருளின் மூன்று புள்ளி முறையைப் பயன்படுத்துங்கள். வானத்தில் எந்தப் பக்கமும் மூன்று படம் எடுத்தே பிழையைச் சொல்லிவிடும், துருவம் தெரிய வேண்டியதில்லை. ஷார்ப்கேப் என்ற இன்னொரு மென்பொருளின் முறை துருவத்தை ஒட்டிய வானத்தைக் கேட்கும். நமக்கு அங்கே கட்டடம்தான்.

ஈசூன்வாசி:
ரொம்ப நன்றி அண்ணே, நன்றி பொங்கோல். கணினி கொண்டுபோக முடியாத நாளில் நட்சத்திரம் நகர்வதைப் பார்த்து அச்சைத் திருத்தும் டிரிஃப்ட் முறைதானே? கிழக்கே எங்கள் புளோக் முழுசாக மறைக்கிறது.

தூக்குக்குண்டு:
ஆமாம் தம்பி, மேற்கே பாருங்கள். முதலில் உச்சியருகே, வானநடுக்கோட்டை (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோட்டை) ஒட்டிய ஒரு நட்சத்திரம்; ஓரியனின் இடுப்புக் கச்சை நட்சத்திரங்கள் கச்சிதம். கண்ட்ரோலரில் குழாயை வடக்கே ஒரு தட்டுத் தட்டினால் படத்தில் நட்சத்திரம் போகும் பக்கம் தெற்கு. பின்பு தானாகத் தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே பார்க்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நகர்ந்தால் எதிர்ப்பக்கம்.

அப்புறம் மேற்கே தாழ்ந்த ஒரு நட்சத்திரம். அது தெற்கே நகர்ந்தால் அச்சு உயரமாக இருக்கிறது, இறக்குங்கள்; வடக்கே நகர்ந்தால் ஏற்றுங்கள். புத்தகங்களில் கிழக்கு நட்சத்திரத்துக்குத்தான் எழுதியிருக்கும், மேற்கில் அது தலைகீழ். முக்காலியைச் சாய்த்திருப்பதால் திசையைத் திருகும்போது உயரமும் கொஞ்சம் மாறும். அதனால் இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள்.