பயோஅவைலபிலிட்டி: தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர்:
நண்பர்களே, மருந்தியல் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மஞ்சள் பற்றிய பக்கத்தில் மாட்டிக்கொண்டேன். மஞ்சளிலுள்ள குர்க்குமினைத் தனியாக விழுங்கினால் குடற்சுவரிலும் கல்லீரலிலும் பெரும்பகுதி உருமாறி வெளியேறிவிடும். இரத்தத்தில் சேர்வது சொற்பம். மிளகிலுள்ள பைப்பரின் அந்த உருமாற்றத்தைத் தடுக்கிறது. 1998 ஆய்வொன்றில், 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்ததும் பயோஅவைலபிலிட்டி, அதாவது உருமாறாமல் இரத்த ஓட்டத்தை எட்டும் மருந்தின் பங்கு, 2000 சதவீதம் கூடியதாம். 'உயிர்க்கிடைப்பு' என்று எழுதலாமா?

கல்லூரி ஆசிரியை:
வேண்டாம். மஞ்சள் தின்றால் உயிர் கிடைக்கும் என்று தேர்வில் எழுதுவார்கள்.

புலவர் ஐயா:
'உறுதகவு'. உறுதல் என்றால் அடைதல், தகவு என்றால் விகிதம். இரண்டும் நற்றமிழ்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, 'உறு தவ நனி' மூன்றும் மிகுதிப் பொருள் என்கிறது தொல்காப்பிய உரியியல். தகவுக்குப் பெருமை என்றும் பொருள். குர்க்குமினுக்கு மிகுந்த பெருமை என்றாகிவிடாதா?

சித்த மருத்துவர்:
புதுச்சொல் எதற்கு? ஒரே மருந்தைத் தேனில், நெய்யில், வெந்நீரில் என்று நோய்க்கேற்ப மாற்றிக் கொடுக்கிறோமே, அனுபானம். திரிகடுகில் மிளகும் திப்பிலியும் சும்மாவா சேர்ந்தன?

கல்லூரி ஆசிரியை:
அனுபானம் துணைப்பொருள், டாக்டர். நமக்கு வேண்டியது ஓர் அளவின் பெயர். இரத்தக் குழாயில் நேரே ஊசி போட்டால் அந்த அளவு 100 சதவீதம். அங்கே தேன் ஏது? 'சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை' என்கிறோமே, வகுப்பில் அப்படித்தான் விளக்குகிறேன். 'ஒட்டளவு' போதாதா?

புலவர் ஐயா:
பசை விற்பவர் சொல் போலிருக்கிறது. அது கிடக்கட்டும், பைப்பரினை ஏன் அப்படியே விட்டீர்கள்? 1819இல் டென்மார்க் அறிவியலாளர் ஆர்ஸ்டெட் மிளகிலிருந்து பிரித்தது. பைப்பர் என்னும் லத்தீன் சொல்லுக்கு மூலம் பிப்பலி, நம் திப்பிலி. மிளகுக்கோ 'கறி' என்ற பழம்பெயர் இருக்கிறது. முசிறியில் யவனர் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு. ஆகவே 'கறியம்'.

கல்லூரி ஆசிரியை:
பக்கத்து வரியிலேயே கரிமம் (கார்பன்) வருகிறதே ஐயா! அச்சுக்கோப்பவர் பாவம். ஒட்டளவிலும் ஒரு குறை இருக்கிறது: மருந்து உருமாறாமல் இரத்த ஓட்டத்தை எட்ட வேண்டும், அது சொல்லில் இல்லை. 'குருதிச்சேர்வு விகிதம்' என்றால் ஓரளவு வந்துவிடும்.

சித்த மருத்துவர்:
நீளம். ஆனாலும் புரிகிறது.

மொழிபெயர்ப்பாளர்:
சரி, அதையே போட்டு, முதல் இடத்தில் மட்டும் பயோஅவைலபிலிட்டி என்பதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். பைப்பரின் பைப்பரினாகவே இருக்கிறது.

புலவர் ஐயா:
விகிதம் வடசொல். தகவை முதலிலேயே கொடுத்தேன்.